முள்ளெலி வளர்க்கிறீர்களா? படர்தாமரையைக் கண்டுபிடிப்பது முதல் வீட்டைச் சுத்தம் செய்வது வரை

முள்ளெலி வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரத்தில் கட்டைவிரல் ஓரம் சிவந்து, அரித்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக எழும். முள் குத்தியதில் வந்த ஒவ்வாமை என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். வீட்டில் இருக்கும் அரிப்புக் களிம்பை எடுத்துத் தடவுகிறார்கள். இரண்டு நாள் அடங்குகிறது. மூன்றாம் நாள் இருமடங்கு இடத்தில் கிளம்புகிறது. இது ஒவ்வாமை இல்லை, முள்ளெலியிடமிருந்து வந்த படர்தாமரை என்று தெரிய வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும்.

இந்தப் பூஞ்சையின் பெயர் டிரைக்கோஃபைட்டான் எரினேசி. முள்ளெலியிடமிருந்து மனிதருக்கு வருகிறது என்று 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் கண்டறிந்தார்கள். பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்து விட்ட ஐரோப்பிய முள்ளெலிகள் அங்கே பெருகிக் கிடந்தன. இன்று அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகளில் வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலியிடமும் இதே பூஞ்சை காணப்படுகிறது. மேல்தோல், முடி, நகம் இவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குத் தீனி. முள்ளெலியின் முள்ளும் கெட்டிப்பட்ட முடிதான். கைக்குள் அடங்கும் அந்த உடம்பில் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். குள்ள முள்ளெலியை எல்லா ஊரிலும் வளர்க்க முடியாது. சிங்கப்பூரில் தடை, அமெரிக்காவில் கலிபோர்னியா, ஹவாய் போன்ற மாநிலங்களில் தடை. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் திரியும் முள்ளெலி வேறு இனம், அது காட்டு விலங்கு. அதைப் பிடித்து வளர்க்கும் எண்ணமே வேண்டாம்.

இந்த நோயில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான்: பூஞ்சை ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருக்கிறது. முள்ளெலியின் உடம்பில், அதன் கூண்டில், உங்கள் கையில். மூன்றையும் ஒரே காலத்தில் கவனிக்காவிட்டால் விட்ட இடத்திலிருந்து மறுபடி கிளம்பும். பார்வைக்கு நன்றாக, முள் ஒன்றுகூட உதிராமல் இருக்கும் முள்ளெலியும் பூஞ்சையைச் சுமக்கலாம். "என் முள்ளெலிக்கு ஒன்றும் இல்லையே" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் 30 நாள்

புதிதாக வந்த முள்ளெலியை 30 நாள் தனி அறையில் வையுங்கள். வீட்டில் பூனை, நாய், முயல், கினிப் பன்றி இருந்தால் அவற்றுக்கும் இந்தப் பூஞ்சை ஒட்டும். நாய்க்கு வந்தால் பெரும்பாலும் மூக்கிலும் முகவாயிலும்தான் வரும், முள்ளெலியை மோந்து பார்ப்பதும் கவ்வப் போவதும் அந்த இடம்தானே.

இந்த ஒரு மாதத்துக்குக் கூண்டில் மரப்பொருள் எதுவும் வேண்டாம். மர வீடு, மரச் சக்கரம், கார்க், மெத்தென்ற துணிக்குகை எல்லாம் அழகுதான். ஆனால் பூஞ்சை வித்து மரத்தின் நுண்துளைக்குள் போய்விட்டால் கழுவி எடுக்க முடியாது. வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டி, பிளாஸ்டிக் சக்கரம், விரிப்புக்கு அச்சு மை இல்லாத வெள்ளைத்தாள் அல்லது காகிதத் துகள் போதும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கொடுத்து, வாரத்துக்கு ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சமையலறையில் பயன்படுத்துவது போன்ற டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, முள்ளெலிக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பாருங்கள். வளர்ந்த குள்ள முள்ளெலி பொதுவாக 300 முதல் 600 கிராம். தோல் நோய் தீவிரமானால் அது சாப்பாட்டைக் குறைக்கும்; முள்ளுக்குள் மறைந்திருக்கும் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். மருந்தின் அளவைக் கணக்கிடவும் இந்த எடைதான் அடிப்படை.

எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், மடியில் பழைய துண்டு விரித்துப் பாருங்கள். உருண்டுகொண்டால் அவசரப்படுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் தானாக விரியும். முதலில் காது மடல். ஓரம் கிழிந்ததுபோல ஒழுங்கற்றோ, தடித்துப் பொருக்குப் படிந்தோ இருக்கிறதா? அடுத்தது மூக்கைச் சுற்றி, கண்ணைச் சுற்றி. பூஞ்சை பெரும்பாலும் முகத்தில்தான் முதலில் கை வைக்கும். பிறகு நெற்றியில் முள் தொடங்கும் வரி, விலாவில் முள்ளும் வயிற்று முடியும் சந்திக்கும் வரி, கடைசியாகக் கால் இடுக்கு. ஒவ்வோர் இடத்திலும் முள்ளின் அடியைக் கவனியுங்கள். ஆரோக்கியமான முள்ளின் அடித்தோல் இளஞ்சிவப்பாகவோ வெளிர் நிறமாகவோ சுத்தமாக இருக்கும். நோய் இருந்தால் முள்ளின் அடியைச் சுற்றி வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த செதில், காலர் போட்டதுபோல ஒட்டியிருக்கும். முள்ளை லேசாகத் தொட்டாலே கையோடு வரும்.

முள் உதிர்ந்தாலே நோய் என்று பயப்படவும் கூடாது. குட்டிகள் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கிக் குட்டிமுள்ளை உதிர்த்து வளர்ந்த முள் போடும். அப்போது உதிரும் முள்ளின் அடியில் சின்ன உருண்டை முனை முழுசாக இருக்கும், உதிர்ந்த இடத்தில் புது முள் முளை தெரியும், தோலில் செதிலோ பொருக்கோ இராது. ஒரே இடத்தில் திட்டாகச் சொட்டை விழுந்தாலும், முள் பாதியில் ஒடிந்திருந்தாலும், வளர்ந்த விலங்கு திடீரென முள்ளை உதிர்த்தாலும் அது இயல்பானதில்லை.

அடுத்து கறுப்புத்தாள் சோதனை. செலவே இல்லாதது, புதியவர்கள் அவசியம் கற்றுக்கொள்ள வேண்டியது. கறுப்புக் காகிதத்தை விரித்து அதன்மேல் முள்ளெலியை வைத்து, மென்மையான பல்துலக்கியால் முதுகிலிருந்து கீழாக ஒரு நிமிடம் வருடுங்கள். விழுந்த வெள்ளைத் தூளை நல்ல விளக்கின் கீழே, மூச்சுக்காற்று படாமல், இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள். அப்படியே கிடந்தால் செதில். மாவுத் துகள் ஒன்று தானாக நகர்ந்தால் அது மைட்ஸ் எனப்படும் சொறிப்பூச்சி. முள்ளெலியில் அதிகம் காணப்படும் கப்பாரினியா வகைப் பூச்சியும் இந்தப் பூஞ்சையும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். பூச்சி தோலைக் கிளறிப் புண்ணாக்குகிறது, முள்ளெலி சொறிகிறது, பூஞ்சை அந்த வழியாக உள்ளே போகிறது. வித்துகளையும் பூச்சி தன் உடம்பில் சுமந்து பரப்பும். பூஞ்சை மருந்து ஒரு மாதம் கொடுத்தும் குணமாகவில்லை என்பவர்கள் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பூச்சிக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் பூஞ்சையை மறந்தாலும் கதை அதேதான்.

பரிசோதனைக்கு மாதிரி

கண்ணால் பார்த்து இது பூஞ்சை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வறண்ட தோல், ஊட்டக்குறைவு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்கும் நோய், ஏன், புற்றுநோய்கூட இதே போலப் பொருக்கும் முள் உதிர்வுமாக வரும்.

மருத்துவரிடம் போவதற்கு முன் மூன்று நாளாவது குளிப்பாட்டாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். உறையில் இருந்து அப்போதுதான் பிரித்த புதுப் பல்துலக்கியால் உடம்பு முழுவதும், குறிப்பாகச் சந்தேகமான இடங்களில், இரண்டு மூன்று நிமிடம் வருடி, அதைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிக் கொண்டுபோகலாம். மருத்துவர் அந்தத் தூரிகையை வளர்ப்பு ஊடகத்தில், அதாவது பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் ஊட்டத் தட்டில், அழுத்திப் பதிப்பார். தானாக உதிரும் முள் சிலதையும், பொருக்கையும் அவரே எடுத்துக்கொள்வார். வெளிப்பார்வைக்கு ஒன்றும் இல்லாத, வெறுமனே சுமக்கும் முள்ளெலியைக் கண்டுபிடிக்கவும் இந்தத் தூரிகை முறைதான் கைகொடுக்கும்.

புறஊதா ஒளி விளக்கடியில் பார்த்து "பச்சையாக ஒளிரவில்லை, பூஞ்சை இல்லை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அப்படி ஒளிர்வது பூனையிடம் அதிகம் வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் வகை. எரினேசி ஒளிராது. வளர்ப்பு முடிவு வரச் சில நாளில் தொடங்கி மூன்று, நான்கு வாரம்வரை ஆகலாம். ஊடகத்தில் வளர்ந்த பூஞ்சையின் அடிப்புறம் பளிச்சென எலுமிச்சை மஞ்சளாக இருப்பது இந்த இனத்தின் அடையாளம். முடிவு வரும்வரை காத்திருக்கும் நாட்களிலும் நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு கையுறையும் சுத்தமும் தொடர வேண்டும்.

மருந்து

பொதுவாக வாய்வழி மருந்தும் வெளிப்பூச்சும் சேர்த்துத் தருவார்கள். வாய்வழி என்றால் இட்ராகோனசோல் அல்லது டெர்பினாஃபின். வெளிப்பூச்சுக்கு ‘எனில்கோனசோல்’ என்ற மருந்தின் கரைசலோ, சில நாடுகளில் அழுகிய முட்டை வாடை அடிக்கும் சுண்ணாம்பு கந்தகக் கரைசலோ. பூச்சி இருந்தால் அதற்கு ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின்.

உங்களுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கிள்ளி முள்ளெலிக்குக் கொடுக்கலாமா? கூடாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். முள்ளெலிக்கு இட்ராகோனசோல் வழக்கமாக ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. உங்கள் முள்ளெலி 400 கிராம் என்றால் 2 முதல் 4 மி.கி. மனிதர்கள் சாப்பிடும் ஒரு கேப்ஸ்யூலில் 100 மி.கி. இருக்கிறது, அதாவது 25 முதல் 50 மடங்கு. அதைப் பிரித்துத் தூளைக் கண்ணளவில் பங்கு போட்டால் ஒரு நாள் ஒன்றும் போகாது, மறுநாள் ஈரலைக் கெடுக்கும் அளவு போகும். மருத்துவர் தரும் திரவ மருந்தை 1 மி.லி. ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்து, அதற்குப் பிடித்த ஈரமான உணவில் ஒரு வாய் அளவில் மட்டும் கலந்து முதலில் கொடுங்கள். கிண்ணம் நிறைய உணவில் கலந்தால் பாதியை மிச்சம் வைத்துவிடும். மருந்தும் பாதிதான் உள்ளே போயிருக்கும்.

வெளிப்பூச்சில் ஒரு சிக்கல் உண்டு. புது வாசனை எதுவும் பட்டால் முள்ளெலி அதை நக்கி, மென்று, வாயில் நுரையாக்கி, கழுத்தை முறுக்கித் தன் முதுகு முள்மேல் பூசிக்கொள்ளும். அதன் இயல்பு அது. அதனால் தோலில் தடவுவது எல்லாம் வயிற்றுக்குள்ளும் போகும். நம் வீடுகளில் கை முதலில் போவது வேப்பெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும்தான். இரண்டும் வேண்டாம். முடிக்கால் வரை இறங்கிய பூஞ்சையை எண்ணெய் எட்டாது. செதிலை உடம்போடு ஒட்டவைக்கும். பிறகு எடுக்கும் மாதிரியும் கெடும். டீ ட்ரீ எண்ணெய் சிறு விலங்குகளுக்கு நஞ்சு, அதன் பக்கமே போகக் கூடாது.

மருந்துக் குளியலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். கால் மூழ்கும் அளவு, 2 செ.மீ. ஆழம் போதும். கரைசலை முதுகில் ஊற்றிப் பல்துலக்கியால் முள்ளின் அடிவரை நனையும்படி வருடுங்கள். பொருக்கு ஊறிக் கழன்றால் சரி, உரித்து எடுக்காதீர்கள். கண், மூக்கு, காதுத் துளைக்குள் போகக் கூடாது. முகத்துக்குப் பஞ்சில் நனைத்து ஒற்றினால் போதும். எத்தனை நாளைக்கு ஒருமுறை, கழுவ வேண்டுமா வேண்டாமா என்பது மருந்துக்கு மருந்து மாறும். எனில்கோனசோலைப் பொதுவாக மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, 0.2 சதவீதக் கரைசலாக, கழுவாமல் விடுவார்கள். குளித்ததும் துண்டில் சுற்றி, 24 முதல் 29 டிகிரி வெப்பம் உள்ள இடத்திலேயே உலரவிட வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே போனால் குள்ள முள்ளெலி உறைந்ததுபோல மந்தமாகிவிடும். குளிரில் ஒடுங்கும் ஐரோப்பிய முள்ளெலியைப் போல அதனால் தாக்குப்பிடிக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. நோயைவிடக் குளியலுக்குப் பிந்தைய குளிரால் கெடுதல் வருவது உண்டு.

வாரக்கணக்கில் ஆகும். முள் முளைக்கத் தொடங்கியதும் மருந்தை நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பார்வைக்குக் குணமானது வேறு, பூஞ்சை போனது வேறு. அடுத்தடுத்து எடுத்த இரண்டு வளர்ப்புப் பரிசோதனையிலும் பூஞ்சை வராதபோதுதான் நிறுத்தலாம்.

கூண்டும் அறையும்

உதிர்ந்த முள், செதில் இவற்றில் இருக்கும் வித்து உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முள்ளெலியின் காய்ந்த கூட்டில் ஏறக்குறைய ஒரு வருடம்வரை பிழைத்திருந்ததாகப் பதிவு உண்டு. எனவே மரம், கார்க், சிசல் கயிறு, கழுவ முடியாத துணிக்குகை ஆகியவற்றை உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மனம் வராது, ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சிகிச்சைக் காலத்தில் தாள் விரிப்பைத் தினமும் மாற்ற வேண்டும். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வித்து காற்றில் கிளம்பும். ஈரத்தாளால் துடைத்து எடுங்கள், தரைக்கு வேக்குவம் கிளீனர். வாரம் இரண்டு முறை முழுச் சுத்தம்:

முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி அலசுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு நேராகக் கிருமிநாசினி ஊற்றினால், கழிவும் செதிலும் அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

பிறகு பிளீச். 5 முதல் 6 சதவீத வீட்டுப் பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. அன்றன்றைக்குக் கலந்தது மட்டுமே பலன் தரும். பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்து உடனே துடைத்தால் வேலை செய்யாது. வினிகரோடும், அம்மோனியா உள்ள கழுவுதிரவத்தோடும் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். சன்னலைத் திறந்துவைத்து, முள்ளெலி வேறு அறையில் இருக்கும்போது செய்யுங்கள்.

கடைசியில் தண்ணீரில் நன்றாக அலசி, பிளீச் வாடை முற்றிலும் போய்க் காய்ந்த பிறகே முள்ளெலி திரும்பலாம்.

துணி விரிப்பு, துண்டு, நீங்கள் அணிந்த சட்டை இவற்றைத் தனியாக, இயந்திரத்தை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல், இரண்டு முறை துவையுங்கள். அலசலில் வித்து அடித்துப் போவதுதான் முக்கியம். திணித்துப் போட்டால் துணி புரளாது. உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைத் துடைத்து வைக்க மறக்காதீர்கள்.

உங்கள் கை

முள் குத்துவதே ஊசி போடுவது போலத்தான். தோலைத் துளைத்து வித்தை உள்ளே வைத்துவிடுகிறது. மெல்லிய நைட்ரைல் கையுறையை முள் சுலபமாகத் துளைக்கும். அதன்மேல் துவைக்கக் கூடிய தடித்த துணிக் கையுறை போடுங்கள், அல்லது துண்டால் அள்ளுங்கள். மேலிருந்து பிடிக்காமல் இரண்டு கையையும் பக்கவாட்டில் அடியில் விட்டு, மென்முடி உள்ள வயிற்றைத் தாங்கித் தூக்கினால் முள்ளை விறைக்காது. முழுக்கைச் சட்டை அவசியம். மணிக்கட்டும் முன்கையும்தான் பலர் மறக்கும் இடம்.

தொட்டபின் சோப்புப் போட்டு 20 வினாடி கழுவி, விரல் இடுக்கையும் உலரத் துடையுங்கள். கைத் தூய்மித் திரவத்தை (சானிடைசரை) நம்பி இதை விட முடியாது, வித்தைத் தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போகும். கழுத்தில், படுக்கையில் வைத்துக் கொஞ்சுவது, முத்தமிடுவது எல்லாம் வேண்டாம். சால்மொனெல்லா கிருமியும் முள்ளெலியிடமிருந்து வரும். 2019இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முள்ளெலிக்கு முத்தம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது அதனால்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கையில் ஏற்கெனவே எக்ஸிமா உள்ளவர்கள் நோயுள்ள முள்ளெலியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கையில் வந்துவிட்டால்

தொட்டதிலிருந்து பொதுவாக ஒன்று இரண்டு வாரத்தில் தெரியும். வழக்கமான படர்தாமரையைப் போல நடுவில் ஆறி ஓரம் மட்டும் சிவந்த வட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது வீக்கம் அதிகம் உள்ள வகை. விரலில், உள்ளங்கை ஓரத்தில், மணிக்கட்டில் சிவந்து தடித்து, நீர்க்கொப்புளமும் சீழ்க்கொப்புளமுமாக வந்து, அரிப்போடு வலியும் சேர்ந்திருக்கும். குழந்தைக்குத் தலையில் வந்தால் கெரியான் எனும் மெத்தென்ற சீழ்க்கட்டியாகி, கவனிக்காவிட்டால் அந்த இடத்தில் முடி நிரந்தரமாகவே போகலாம். தலையில் வந்தால் களிம்பு போதாது, வாய்வழி மருந்துதான். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்டீராய்டு களிம்பு தடவாதீர்கள். நம் ஊர் மருந்துக்கடையில் படர்தாமரைக்கு என்று கேட்டால் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த குழாய் கைக்கு வரும். ஊருக்கு வந்தபோது வாங்கி வெளிநாட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருப்பவர்கள் பலர். குழாயின் பின்புறம் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டுதான். சிவப்பையும் அரிப்பையும் அது மறைக்கும். பூஞ்சை அடியில் தாராளமாகப் பரவும். பிறகு பார்க்கும் தோல் மருத்துவருக்கே அடையாளம் தெரியாத அளவு உருமாறிவிடும்.

தோல் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே "வீட்டில் முள்ளெலி வளர்க்கிறேன்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் எக்ஸிமா என்றோ பாக்டீரியாத் தொற்று என்றோ பார்வை திரும்பிவிடும். செதிலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவும், வளர்ப்புக்கு அனுப்பவும் கேளுங்கள். களிம்பு எதுவும் தடவும் முன்னால் எடுத்தால்தான் சரியாக வரும். சின்ன இடம் என்றால் டெர்பினாஃபின் 1 சதவீதக் களிம்பு சில வாரம். விளிம்புக்கு வெளியே 2 செ.மீ. வரை தடவி, ஆறிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். பரவலாகவோ ஆழமாகவோ இருந்தால் பெரியவர்களுக்கு டெர்பினாஃபின் 250 மி.கி. தினம் ஒன்று என்று மாத்திரை எழுதுவது வழக்கம். ஈரல் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, கொழுப்பைக் குறைக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறிப்பாக இட்ராகோனசோல் சில கொழுப்பு மாத்திரைகளோடு சேரவே கூடாது. கைக்குத் தனித் துண்டு வைத்துக்கொண்டு, ஆறும்வரை கொப்புளத்தைத் துணியால் மூடி வையுங்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் அதன் நகலைக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். அவர் தந்த முடிவைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு தாளிலும் ஒரே பூஞ்சையின் பெயர் இருந்தால், உங்கள் கை ஆறினாலும் முள்ளெலியின் இரண்டாவது வளர்ப்புப் பரிசோதனை சுத்தமாக வரும்வரை கையுறையைக் கழற்றாதீர்கள்.